தும்பாவுக்கும் தூத்தூருக்கும் நடுவே

பணகுடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆச்சி மோர்மிளகாய் காயப்போட்டிருப்பாள். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. திடீரென்று மேற்கே மகேந்திரகிரிப் பக்கமிருந்து ஓர் உறுமல் எழும்பும். ஜன்னல் கம்பியில் கை வைத்தால் அதிர்வது தெரியும். ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். "இடி இல்லை ஆச்சி, ராக்கெட் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார்கள்" என்று நான் கீழே நின்று கத்துவேன். காதில் வாங்கவே மாட்டாள். மிளகாய் முழுவதையும் சுளகில் அள்ளிக்கொண்டு இறங்கிய பிறகுதான் பேசுவாள். "சத்தம் கேட்டால் அள்ளிவிட வேண்டும் ஐயா. எதனுடைய சத்தம் என்று பார்த்துக்கொண்டு நின்றால் மிளகாய் நனைந்துவிடும்."

அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுகளில் பொருத்தப்படும் விகாஸ் எஞ்சினையும் கிரையோஜெனிக் எஞ்சினையும் அசையாமல் பூட்டிவைத்து எரித்துப் பார்ப்பது அங்கேதான். எனக்கு விண்வெளி முதலில் சத்தமாகத்தான் அறிமுகமானது. தாத்தாவுக்கு அது நிறமாக வந்திருக்கிறது. 1963 நவம்பர் 21 மாலை, தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர் மேற்கு வானத்தில் செம்மஞ்சளாக ஒரு புகை இழை வளைந்து வளைந்து விரிவதைப் பார்த்ததாகச் சொல்லுவார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்தியா ஏவிய முதல் ராக்கெட் உயரே போய் விட்ட சோடியம் ஆவி அது. அமெரிக்கா கொடுத்த நைக் அப்பாச்சி ராக்கெட். மறுநாள் யாரோ பேப்பரைப் படித்துச் சொன்ன பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்ததாம்.

இப்படி ஓர் ஊரில் பிறந்தவன் என்பதால் "விண்வெளிக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நான் பணகுடியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் தேங்காய் பன்னை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூடப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். என் பெரியப்பா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "நல்லதுதான் தம்பி. இந்தக் காசில் நம் பக்கத்துக் குளம் எத்தனையைத் தூர் வாரியிருக்கலாம்?"

அவர் விவசாயி. குதர்க்கத்துக்காகக் கேட்கிறவர் அல்லர். அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. "சந்திரயானுக்கு ஆன செலவு சுமார் 615 கோடி. நாட்டில் 140 கோடிப் பேர். ஆளுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது பெரியப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டுவது எளிது. அப்படி வகுத்தால் இந்தத் தேசத்தில் எந்த வீண்செலவும் சில்லறையாகத்தான் தெரியும். மங்கள்யானை 450 கோடியில் முடித்தோம், ஒரு ஹாலிவுட் படத்துக்கு ஆவதைவிடக் குறைவு என்று மார்தட்டுவதும் இதே வகைதான். மலிவாகச் செய்தோம் என்பது செய்தவர்களின் திறமைக்குச் சான்று. செய்ய வேண்டியதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2025-26 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 13,416 கோடி ரூபாய். மொத்தச் செலவான சுமார் 50.65 லட்சம் கோடியில் இது நூறு ரூபாய்க்கு 26 காசு. இந்தக் காசை நிறுத்தினால் குளம் தூர் வாரப்பட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. அது அங்கே போகாது என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டதற்குள் இன்னொரு கேள்வி இருந்தது: இதனால் நமக்கு என்ன வந்து சேர்ந்தது? அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், என்னைப் பொறுத்தவரை தும்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தும்பா ஒரு மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போவதால் மேல் வளிமண்டலத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப்படும் விக்ரம் சாராபாயும் மற்ற விஞ்ஞானிகளும் கண்டார்கள். அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. சுற்றிலும் மீனவர்களின் வீடுகள். அன்றைய திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் சாராபாய் போய்க் கேட்டார். ஆயர் தாமாக முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மக்களிடமே கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கோயிலையும் வீடுகளையும் விட்டுவிட்டுப் பள்ளித்துறைக்குக் குடிபெயர்ந்தார்கள். பீடம் இருந்த கட்டடம் விஞ்ஞானிகளின் அலுவலகம் ஆனது. ஆயரின் வீட்டில் ராக்கெட் வேலை நடந்தது. இன்று அந்தக் கோயில் விண்வெளி அருங்காட்சியகம்.

ராக்கெட் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பழைய புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். எளிமையின் அடையாளமாக அதைப் பகிர்ந்துகொள்கிறோம். அந்தப் படம் எடுக்கப்பட்ட மண்ணை விட்டுக்கொடுத்த குடும்பங்களின் படத்தை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. இந்திய விண்வெளித் திட்டத்தில் முதல் பங்கு போட்டவர்கள் அவர்கள். பட்ஜெட்டில் ஒரு வரியாக அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

சாராபாய்க்கு அந்தக் கடன் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். நிலவுக்கும் கோள்களுக்கும் போவதிலோ மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கனவு நமக்கில்லை, மக்களின் நிஜமான பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்பது அவருடைய பதிலின் சாரம். அவர் 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் இறந்தார். அவர் திட்டமிட்டபடி 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோனார்கள். மின்சாரமே சரியாக இல்லாத ஊர்களில் பயிரையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றிய நிகழ்ச்சிகள். செயற்கைக்கோளை ஏவும் ராக்கெட் நமக்கென்று சொந்தமாக வருவதற்கு முன்பே செயற்கைக்கோள் கிராமத்துக்கு வந்துவிட்டது. இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தும்பாவிலிருந்து தெற்கே கோவளத்தைத் தாண்டி, மொத்தம் 50 கிலோமீட்டர் போல வந்தால் தமிழ்நாட்டு எல்லையில் தூத்தூர். அதே கடல், அதே மணல், அதே கிறிஸ்தவ மீனவ மக்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். என் கல்லூரி நண்பன் அந்தப் பகுதிக்காரன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவன் அக்காள் கணவர் கடலில் இருந்தார்.

ஒக்கி வழக்கமான புயல் மாதிரி நாள் கொடுத்து வரவில்லை. இலங்கைக்குத் தென்கிழக்கே உருவாகி, ஒரே நாளில் வலுத்து, நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் புயலாகவே நின்றது. கரையில் இருந்தவர்களுக்கே போதிய நேரமில்லை. பல நாட்களுக்கு முன்பே போனவர்களுக்கு எப்படிச் சொல்வது? படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவி ஐம்பது அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் வெறும் இரைச்சல். அவர்கள் இருந்ததோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

இரண்டு நாள் கழித்து நான் நண்பனின் ஊருக்குப் போனேன். கோயில் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் நீளமான நோட்டு. படகின் பெயர், போனவர்களின் பெயர், கடைசியாகப் பேசிய நாள். பெண்கள் வரிசையாக வந்து பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். பிரித்துக் காட்டுவார், மறுபடி சுற்றுவார். நண்பனின் அம்மாவுக்கு நான் மகேந்திரகிரிப் பக்கத்துக்காரன் என்பது தெரியும். வானத்தில் இன்சாட் செயற்கைக்கோள் இருக்கிறது, அரைமணி நேரத்துக்கு ஒரு படம் எடுக்கிறது, புயல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஆறுதலுக்காக ஏதோ சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் படத்தை அவனுக்கு யார் காட்டுவார்கள் மக்களே?"

நண்பனின் மச்சான் பிழைத்தார். எஞ்சின் நின்றுபோன படகு லட்சத்தீவில் ஒதுங்கியது. ஒன்பதாம் நாள் போன் வந்தது. அடுத்த வீட்டுக்கு வரவில்லை. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் அந்தப் புயலில் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

நண்பனின் அம்மா கேட்ட கேள்வியைத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விண்வெளிச் செலவு வீண் என்று அவர் சொல்லவில்லை. மேலே இருக்கும் கண்ணுக்கும் கீழே இருக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பெட்டி இல்லை என்றார். 2016 ஏப்ரல் 28 அன்றுதான் நமது வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையின் ஏழாவது கோள் ஏவப்பட்டு, அதற்கு நாவிக் என்று பெயர் சூட்டினார்கள். நாவிக் என்றால் படகோட்டி. அந்தப் பெயர் வைத்து 19 மாதம் கழித்து ஒக்கி வந்தபோது நிஜப் படகோட்டியின் கையில் அதன் செய்தியை வாங்கும் கருவி இல்லை.

ஒடிசாவின் கதையும் இதையே சொல்கிறது. 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் கிட்டத்தட்ட அதே கரையைத் தாக்கியபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. விண்வெளிச் செலவுக்கு ஆதரவாக இந்த இரண்டு எண்களையும் பலரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் 1999-லும் வானத்தில் இன்சாட் இருந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் செயற்கைக்கோள் கூர்மையானது உண்மை. அதோடு கரையோரம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக எச்சரிக்கும் ஆட்களைப் பழக்கினார்கள், பைலினுக்கு முன்பு சுமார் 10 லட்சம் பேரை வீட்டை விட்டுக் கிளப்பிக் கூட்டிப் போனார்கள். விண்ணிலிருந்து கிடைத்த படத்தை நம்பி ஒரு பாட்டி தன் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு காப்பகத்துக்கு நடந்தால்தான் அந்தப் படத்துக்குப் போட்ட காசு தேறும். படமே இல்லாவிட்டால் அந்தப் பாட்டியை எப்போது நடக்கச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. எனவே செயற்கைக்கோளும் வேண்டும், காப்பகமும் வேண்டும். ஒன்றின் பட்ஜெட்டை எடுத்து மற்றொன்றுக்குக் கொடு என்று கேட்பது, எஞ்சினை விற்றுத் துடுப்பு வாங்கச் சொல்வதைப் போன்றது.

ஒக்கிக்குப் பிறகு பெட்டி வரத் தொடங்கியது. 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. புயல் எச்சரிக்கையையும் மீன் கூடும் இடங்களையும் செயற்கைக்கோள் வழியே வாங்கி செல்போனுக்குக் கொடுத்தது. கேட்கத்தான் முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. 2024-இல், இஸ்ரோ உருவாக்கிய இருவழிக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதற்கான தொகை 364 கோடி. சந்திரயான்-3-இல் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்தத் தொகை 2016-இலேயே செலவாகியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைக்குட்டை என் கண்ணுக்குள் வருகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பயன் தராத விண்வெளி ஆராய்ச்சியே கூடாது என்று முடித்தால் நான் எனக்கே பொய் சொன்னவன் ஆவேன். நிலவுக்குப் போனதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சாராபாயின் பேச்சிலிருந்து நான் விலகும் இடம் இது. அவர் பேசியது 1960-களில். சாப்பாட்டுக்கே கப்பலில் கோதுமை வந்துகொண்டிருந்த காலம். இன்று நமக்கு அறியும் ஆசைக்கும் ஒரு பங்கு ஒதுக்க முடியும், ஒதுக்க வேண்டும்.

சந்திரயான்-3 தரையில் ஒரு வெப்பமானியைக் குத்தி அளந்தது. மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல். நாலு விரற்கடை ஆழத்தில், வெறும் 8 சென்டிமீட்டருக்குக் கீழே, பூஜ்யத்துக்கும் 10 டிகிரி கீழே. நிலவின் மண் அப்படி வெப்பத்தைக் கடத்தாமல் மூடிவைத்திருக்கிறது. இதனால் எனக்கோ பெரியப்பாவுக்கோ ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் இதைப் படித்த இரவு நான் மாடியில் நின்று வெகுநேரம் நிலவைப் பார்த்தேன். அந்தக் கலம் இறங்கிப் பழகுவதற்கு நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டது. அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து கிடைத்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு தட்டில் கோலமாவைப் பரப்பி, கோலிக்குண்டுகளைப் போட்டுப் பள்ளம் உண்டாக்கி, எந்த உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு ஆழம் என்று எழுதி வைத்திருக்கிறாள். அறிவுக்குச் செலவழிப்பதை அறிவுக்கான செலவு என்றே சொல்லலாம். அதை மீனவருக்கான செலவு என்று வேஷம் கட்டிக் காட்டத் தேவையில்லை.

"நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் மலக்குழிக்குள் மனிதன் இறங்குகிறான்" என்று தமிழ்நாட்டில் மேடைதோறும் சொல்கிறார்கள். அது உண்மை. 2013-இல் தடைச்சட்டம் வந்த பிறகும் விஷவாயுவில் சாகிறார்கள். எனக்கு இதைவிட வெட்கமான செய்தி வேறில்லை. ஆனால் அங்கே குறைவது காசா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். தும்பா இருக்கும் அதே திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் 2018-இலேயே பாண்டிகூட் என்ற இயந்திரத்தைச் செய்து சாக்கடைக்குழிக்குள் இறக்கிக் காட்டிவிட்டார்கள். இயந்திரம் இருக்கிறது. வாங்கி இறக்காமல் இன்ன சாதிக்காரன் இறங்குவான் என்று இருப்பவர்களின் மனத்தில்தான் கோளாறு. ராக்கெட்டை நிறுத்துவதால் அந்த மனம் மாறாது. அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களின் கோபத்தில் நானும் நிற்கிறேன். விரல் நீளும் திசையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

1969 ஜூலை 15, அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், கறுப்பினத் தலைவர் ரால்ப் அபர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டியையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்தின் வாசலுக்கு வந்தார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். நாளை பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீருமென்றால் அழுத்த மாட்டோம் என்றார். அபர்னதியும் விண்வெளி வீரர்களுக்காக வேண்டிக்கொண்டார். இருவருமே கண்ணியமாக நடந்துகொண்ட அந்தச் சந்திப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கேள்வி கேட்க வந்தவரைத் தேசத்துரோகி என்று யாரும் அங்கே விரட்டவில்லை.

இங்கே ககன்யானைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். மனிதரை நம் ராக்கெட்டிலேயே அனுப்பும் அந்தத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒதுக்கீட்டை 20,193 கோடியாக உயர்த்தினார்கள். துறையின் ஓராண்டு பட்ஜெட்டைவிட அதிகம். போகப்போகும் விமானப்படை வீரர்களின் துணிச்சலுக்கு முன்னால் தலை வணங்குகிறேன். என் மனம் மட்டும் ஒப்பவில்லை. நிலவில் நம் கலம் அளந்ததை மனிதர் இல்லாமலே அளந்தோம். 2025 ஜனவரியில் போன வழிகாட்டிக் கோள் என்விஎஸ்-02 உரிய பாதைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டது. மே மாதம் பூமியைப் பார்க்க வேண்டிய இஓஎஸ்-09 ராக்கெட் கோளாறால் பாதையை எட்டாமலே போனது. நாவிக்கின் பழைய கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் எப்போதோ பழுதாகிவிட்டன. இவற்றைச் சரிக்கட்டுவதும் மாற்றுக்கோள் அனுப்புவதும்தான் முதல் வேலை என்பது என் கருத்து. மனிதப் பயணம் அதற்குப் பிறகு வரட்டும். வேறு கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வந்து பேசினால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

இதற்கிடையில் ராக்கெட் மறுபடியும் மீனவர்களின் கரைக்கு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் நிறையச் செலவாகிவிடும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். காரணம் நியாயமானது. தசராவுக்கு வேடம் கட்டி வரும் கூட்டத்தைத் தவிர வெளியூர்க்காரர் அதிகம் எட்டிப்பார்க்காத தேரிக்காட்டுக்கு இதனால் வேலையும் வரலாம். ஆனால் ஏவும் நாட்களில் அந்தக் கடலில் வலை போட முடியாது. அதற்கு என்ன ஈடு என்பதை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று தும்பாவில் மாதா கோயிலில் வைத்து மக்களிடம் கேட்ட மாதிரி, கூட்டிவைத்துக் கேட்க வேண்டும்.

போன மாதம் நண்பனோடு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். மச்சான் படகில் இருந்தார். வீல்ஹவுஸ் கூரையில் உப்பு படிந்த வெள்ளைப் பெட்டி ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டு போனை எடுத்துக் காட்டினார். காற்றின் வேகமும் அலையின் உயரமும் தமிழில் வந்திருந்தன. கடலுக்குள் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பாராம். சிவப்புப் பொத்தானைத் தொடாமல் விரலை மேலே வைத்துக் காட்டினார். ஆபத்து என்றால் இதை அழுத்த வேண்டும், கரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வரும் என்றார்.

பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "மணப்பாட்டில் என் சித்தப்பா மகன் வள்ளத்தில் போகிறான். குலசைக்குப் பக்கத்திலேயேதான் தொழில். அவனுக்கு இந்தப் பெட்டி இன்னும் வரவில்லை. நீங்கள் மகேந்திரகிரிப் பக்கம்தானே, அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியுமா தம்பி?"